சித்திரை வெயிலில் குமரிக் கரையில் பறவை பார்க்க என்ன இருக்கும்?

ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, மூன்று நாள் கன்னியாகுமரி வருகிறோம், மகளுக்குப் பறவை பார்க்கிற ஆசை வந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். "வலசைப் பறவையெல்லாம் மார்ச்சோடு போய்விடும், டிசம்பரில் வாருங்கள்" என்று யாரோ சொன்னதால் தயக்கம். போனால் ஏதாவது கண்ணில் படுமா, எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது என்பது உங்கள் கேள்வி.

தாராளமாக வாருங்கள். டிசம்பரில் எண்ணிக்கை அதிகம் என்பது உண்மைதான். ஆனால் கோடையின் தொடக்கத்தை அந்தக் கூட்டத்தின் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். ஏப்ரலில் இந்தக் கரையில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. வடக்கே போகவேண்டியவை உடை மாற்றிக்கொண்டு, கொழுப்புச் சேர்த்துக்கொண்டு கிளம்பத் தயாராகின்றன. இங்கேயே இருப்பவை முட்டையிடத் தொடங்குகின்றன. இந்த இரண்டையும் டிசம்பரில் பார்க்க முடியாது.

முதலில் உடை மாற்றம், அதாவது இறகின் நிறம் மாறுவது. குளிர்காலத்தில் உப்பளத்தில் நிற்கிற உள்ளான்கள், அதாவது சேற்றில் இரை தேடும் சிறு கரைப்பறவைகள், எல்லாம் மேலே சாம்பல், கீழே வெள்ளை. பழகிய கண்ணே தடுமாறும், பத்து வயதுப் பிள்ளைக்கு அது சோர்வைத்தான் கொடுக்கும். பங்குனி பாதி தாண்டியதும் நிலைமை மாறுகிறது. வளைமூக்கு உள்ளானின் மார்பும் வயிறும் செங்கல் நிறத்துக்கு வருகின்றன. ஏப்ரல் நடுவில் ஒரு பறவை முழுச் சிவப்பாகவும் பக்கத்தில் நிற்பது திட்டுத்திட்டாகவும் இருக்கும். பொன்னிற உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு இறங்கி, முதுகில் பொன் புள்ளிகள் தெளிவாகும். மணல்நிற உப்புக்கொத்தியின் மார்பில் காவிப் பட்டை வரும். கல்திருப்பி உள்ளான் கறுப்பும் வெள்ளையும் செம்பழுப்புமாக ஆளே மாறிவிடும். மீசை ஆலாவுக்கு வயிறு கருத்து, கன்னம் மட்டும் வெள்ளையாக நிற்கும். குளிர்காலம் முழுக்கக் கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளியோடு திரிந்த பழுப்புத்தலைக் கடற்காகம், தன் பெயருக்கு ஏற்ற தலையோடு லடாக், திபெத் பக்கத்து ஏரிகளுக்குக் கிளம்பும். அடையாளம் காணப் பழகுவதற்கு இதைவிட நல்ல சமயம் இல்லை என்பேன். மகளுக்கு ஒரு படப்புத்தகம் வாங்கிக் கொடுத்து, இரண்டு உடைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தப் பறவைகளில் பலவற்றுக்கு இப்போது நல்ல காலமும் இல்லை. உயிரினங்களின் அழிவு ஆபத்தைக் கணிக்கிற சிவப்புப் பட்டியலில், 2024-ல் வளைமூக்கு உள்ளானும் சாம்பல் உப்புக்கொத்தியும் அழியும் ஆபத்துக்கு ஆளாகக்கூடியவை என்ற நிலைக்குப் போய்விட்டன. சாம்பல் உப்புக்கொத்தி அதற்கு முன்பு கவலையில்லாத பட்டியலில் இருந்தது. வளைமூக்கு உள்ளான் குஞ்சு பொரிப்பது சைபீரியாவின் வடகோடியில். இங்கே மணக்குடிப் பக்கத்துப் புத்தளம் உப்பளத்தில் அது புழு பொறுக்குகிற ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பயணத்துக்கான தீனி. அதனால்தான் ஏப்ரலில் அவை ஓயாமல் மேய்கின்றன. அந்த நேரத்தில் படம் எடுப்பதற்காகக் கூட்டத்தைக் கிளப்பிவிடுவது எவ்வளவு கெடுதல் என்று சொல்லவேண்டியதில்லை.

மே முதல் வாரம் தாண்டினால் இவை மளமளவென்று குறைந்துவிடும். நீங்கள் வருகிற ஏப்ரல் கடைசி வாரம் சரியான நேரம். பிறகும் சில மங்கிய சாம்பல் நிறத்தில் தங்கியிருக்கும். அவை பெரும்பாலும் முந்தைய ஆண்டுக் குஞ்சுகள். இந்த ஆண்டு இனப்பெருக்கத்துக்குத் தயாராகாததால் கோடையை இங்கேயே கழிக்கின்றன. காயம்பட்டவை என்று நினைத்து வருத்தப்பட வேண்டாம்.

சரி, எங்கே போவது? ஒரே ஒரு காலைதான் கிடைக்கும் என்றால் மணக்குடிக்குப் போங்கள். சுருளோட்டுப் பக்கத்து மலையிலிருந்து வரும் பழையாறு கடலில் சேருகிற இடம் அது. கோடையில் ஆற்றில் தண்ணீர் குறைய, அலை கொண்டுவந்து போடும் மணல் பொழியை, அதாவது ஆற்றின் வாயை, அடைத்துவிடும். உள்ளே காயல் ஏரி போல நிற்கும். பொழி திறந்தால் நீர்மட்டம் இறங்கி, சேற்றுத் திட்டுகள் வெளியே வரும். உள்ளான்கள் அங்கேதான் இறங்கும். இந்தக் கரையில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆகவே வேறு ஊர்களில் செய்வதுபோல ஓத அட்டவணையைப் பார்த்துத் திட்டமிடுவதில் பெரிய பயன் இல்லை. பொழி திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்று மணக்குடியில் ஒரு மீனவரிடம் கேட்டால் போதும்.

காலையில் கீழமணக்குடிப் பக்கம் நில்லுங்கள், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் மேலமணக்குடிக்கு மாறிக்கொள்ளுங்கள். 2004 சுனாமி இந்த இரண்டு கரையையும் இணைத்த பாலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனது. இப்போது இருப்பது அதற்குப் பிறகு கட்டியது. அலையாத்திச் செடிகள் உள்ள ஓரத்தில் தோசிக் கொக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும், அவசரப்படாமல் ஒவ்வொரு வேராகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். கருப்பு வெள்ளை மீன்கொத்தி ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாகப் பாய்வதைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மணலில் ஆலாக்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தால், அவற்றைப் பிரித்தறிய அலகிலிருந்து தொடங்குங்கள். பெரிய கொண்டை ஆலாவுக்கு மஞ்சள் அலகு, சிறிய கொண்டை ஆலாவுக்கு ஆரஞ்சு அலகு, கடற்காக அலகு ஆலாவுக்குத் தடித்த கறுப்பு அலகு, கூட்டத்தில் மற்றவற்றைவிடப் பெரியதாக ரத்தச் சிவப்பு அலகோடு ஒன்று நின்றால் அது காஸ்பியன் ஆலா. தலைத் தொப்பியை நம்பினால் குழப்பம்தான் மிஞ்சும், ஏனென்றால் பருவத்தோடு அது மாறிக்கொண்டே இருக்கும்.

அங்கிருந்து புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள் பக்கம். உப்பளத்தில் எல்லாப் பாத்தியும் ஒன்றல்ல. கடைசியில் உப்பு விளைகிற பாத்திகளில் உப்புச்செறிவு அதிகம், அங்கே பறவைக்கு இரை கிடைப்பது அரிது, பறவையும் குறைவு. முதலில் தண்ணீர் தேக்குகிற பெரிய பாத்திகளிலும் அதற்கு அடுத்தவற்றிலும்தான் சிறுமீனும் இறாலும் ஈக்களின் புழுவும் இருக்கும். வெள்ளை வெளேரென்று மின்னுகிற பாத்தியைத் தாண்டி, மங்கலாகச் சேறாகக் கிடக்கிற பாத்திகளைத் தேடுங்கள். கொசு உள்ளான், பவளக்காலி, பச்சைக்காலி, நெடுங்கால் உள்ளான் எல்லாம் அங்கே. பூநாரைகளும் சில ஆண்டுகளில் இந்தப் பக்கம் இறங்குகின்றன. வந்தால் தூரத்திலேயே தெரியும், வராவிட்டால் தேடி அலைய வேண்டாம். உப்பளங்களில் உள்ளே போகுமுன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் வெயிலுக்கு முன்பே வேலைக்கு வந்துவிடுவார்கள், எந்தப் பாத்தியில் இன்று கூட்டம் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இங்கே ஒரு பறவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெற்று மணலில் குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடுகிற வெளிறிய ஒரு சின்ன உப்புக்கொத்தி. நெடுங்காலம் இதையும் வடக்கேயிருந்து வரும் கென்டிஷ் உப்புக்கொத்தியையும் ஒரே இனம் என்று சொல்லிவந்தார்கள். 2023-ல் மரபணு, அளவு, நிறம் எல்லாவற்றையும் வைத்து ஆராய்ந்து, தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் ஆண்டு முழுக்க வாழ்பவை தனி இனம் என்று பிரித்தார்கள். பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இராமாயணத்தில் அனுமன் கடந்துபோன இந்தியா, இலங்கை இரண்டு கரையிலும் வாழ்வதால் அந்தப் பெயர். கென்டிஷ்ஷைவிடச் சற்றுச் சிறியது. குளிர்காலத்தில் இரண்டும் கலந்து நிற்கும்போது பிரித்தறிவது கடினம். ஏப்ரல் கடைசிக்குப் பிறகு கென்டிஷ் வடக்கே போய்விடும். ஆகவே மே மாதத்தில் உப்பள வரப்போரம் இணையோடோ குஞ்சோடோ இதைப் பார்த்தால் நீங்கள் பார்ப்பது அனுமன் உப்புக்கொத்தி என்று நம்பலாம். வலசையே போகாத, நம் கரையை மட்டுமே நம்பியிருக்கிற பறவை. கட்டடத்துக்காக மூடப்படும் ஒவ்வொரு உப்பளமும் அதற்கு வீடு போனது மாதிரிதான். எனக்கு இந்த மாவட்டத்தில் மிகவும் பிரியமான பறவை எது என்றால் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாம் நாள் காலையைக் குளங்களுக்கு வையுங்கள். சுசீந்திரம் குளம் நாகர்கோவில் கன்னியாகுமரி சாலையோரமே இருக்கிறது. அங்கிருந்து கொஞ்சம் உள்ளே போனால் தேரூர், கவிமணி பிறந்த ஊர். இந்தத் தொகுதி 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, பரப்பு 94.23 ஹெக்டேர். அதே ஆண்டு நாகர்கோவிலுக்கு மேற்கே உள்ள வேம்பனூரும் சேர்ந்தது, அது 19.75 ஹெக்டேர்தான், ஆனால் கூட்டமில்லாமல் நிம்மதியாகப் பார்க்கலாம்.

கோடையில் குளம் ஏன் நன்றாக இருக்கிறது என்பதற்குக் காரணம் நாஞ்சில் நாட்டு வேளாண்மை. மாசியில் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல்லின் அறுவடை முடிகிறது. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் கால்வாய்த் தண்ணீர் பிப்ரவரி கடைசியோடு நிறுத்தப்பட்டு, ஜூனில்தான் மறுபடி வரும். இடையில் குளத்தின் நீர்மட்டம் மெல்ல இறங்கி, விளிம்பெல்லாம் ஈரச் சேறாகும். அந்தச் சேற்றில் நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், பழுப்பு அரிவாள் மூக்கன், பட்டாணி உப்புக்கொத்தி எல்லாம் சேர்ந்துவிடும். கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்தால் இந்தச் சேறு இரண்டு நாளில் மறைந்துவிடவும் கூடும். அப்புறம் அடுத்த போக நெல்லான கன்னிப்பூவுக்காக உழவு ஓட்டுகிற வயல்களைப் பாருங்கள். டிராக்டருக்குப் பின்னால் உண்ணிக்கொக்குகள் வரிசையாக நடக்கும். அவற்றின் தலையும் கழுத்தும் இப்போது ஆரஞ்சாக மாறியிருக்கும்.

குளத்தின் ராணி நீளவால் இலைக்கோழி. குளிர்காலத்தில் மங்கலாக, குட்டை வாலோடு இருந்ததை இப்போது அடையாளமே தெரியாது. கரும்பழுப்பு உடல், வெள்ளை முகம், பிடரியில் பொன் மஞ்சள், பின்னால் வளைந்து தொங்கும் நீண்ட கரிய வால். தாமரை இலைமேல் நடக்கிற நடையைப் பார்க்கவே காலை முழுதும் கரையில் உட்காரலாம். இந்த இனத்தில் பெண் ஒன்றுக்கு மேற்பட்ட ஆண்களோடு இணை சேரும். முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த இணையைத் தேடிப் போகும். அடைகாப்பதும் குஞ்சைக் கூட்டிக்கொண்டு திரிவதும் ஆண் பறவை. இதை உங்கள் மகளிடம் குளத்தங்கரையில் வைத்துச் சொல்லுங்கள், எது ஆண் என்று தேடத் தொடங்கிவிடுவாள். பெண்தான் உருவத்தில் பெரியது. முட்டையிடும் காலம் மழையோடு சேர்ந்து நீளும், ஏப்ரலில் நீங்கள் பார்ப்பது எல்லைச் சண்டையும் துரத்தலும்தான். தோவாளைச் சந்தைக்குத் தாமரை பறிக்க இறங்குகிறவர்களோடு பேசிப் பாருங்கள், இலைக்கோழியைப் பற்றி அவர்களிடம் நிறையக் கதை இருக்கும்.

நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், சீழ்க்கைச் சிறகி, குள்ளத் தாரா, பாம்புத்தாரா, கூழைக்கடா இவையெல்லாம் குளத்தில் இருக்கும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வலசை வாத்துகளை எதிர்பார்க்காதீர்கள், அவை போயிருக்கும். சங்குவளை நாரை குறைவாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் உண்டு. இந்த மாதங்களில் அவற்றில் பல, நாங்குநேரி அருகே கூந்தன்குளத்தில் ஊருக்குள் வீட்டு மரங்களில் கூடு கட்டிக் குஞ்சு வளர்த்துக்கொண்டிருக்கும். மூன்றாம் நாள் திரும்பும் வழி திருநெல்வேலி என்றால் கூந்தன்குளத்தை விட்டுவிடாதீர்கள். வாசலுக்கு மேலே நாரைக் குஞ்சுகள் கத்திக்கொண்டிருக்க, கீழே மக்கள் தங்கள் பாட்டில் வேலை செய்துகொண்டிருக்கிற ஊர் அது.

கடற்காகம் பார்க்க மீன்பிடித் துறைமுகங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிழக்குக் கரையில் விசைப்படகுத் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, ஆகவே சின்னமுட்டம் நீங்கள் வரும்போது அமைதியாக இருக்கும். மேற்குக் கரையில் தடை ஜூன் 1-ல்தான் தொடங்குகிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் படகுகள் வந்துபோகும், செம்பருந்தும் ஆலாவும் அங்கே சுற்றும். முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் கரைக்கொக்கும் கொண்டை ஆலாவும் உட்காரும், மாலை வேளைக்கு நல்ல இடம். குழித்துறையாறு கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணம் அழகான ஊர், ஆனால் மூன்றே நாளில் அதுவரை இழுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

நேரம் பற்றி. ஏப்ரல் கடைசியில் சூரியன் ஆறு மணியைத் தாண்டியதும் உதிக்கும். விடியும்போதே இடத்தில் இருங்கள். ஒன்பதரைக்கு மேல் உப்பளத்தில் நிற்காதீர்கள். கன்னியாகுமரி 8 பாகை அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வரும், நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. நீங்கள் வரும்போது அதிலிருந்து கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும். உப்பின் வெண்மை கீழிருந்தும் வெயிலை அடிக்கும். பத்து மணிக்குக் கானல் எழுந்துவிட்டால் விலை உயர்ந்த தொலைநோக்கியிலும் பறவை நெளிந்துதான் தெரியும். தொப்பி, தண்ணீர், முழுக்கைச் சட்டை. வழியில் பனைமரத்தடியில் நொங்கும் அக்கானியும் (பதநீர்) விற்பார்கள், அங்கே நின்றால் அண்ணாந்து பாருங்கள், பனை உழவாரன் ஓலைக்கும் வானத்துக்கும் இடையே போய்வந்துகொண்டிருக்கும். பிறகு நான்கு மணிக்கு மேல் கிளம்பினால் போதும்.

இந்த வெயிலைப் பற்றி இவ்வளவு சொல்வது உங்களுக்காக மட்டும் இல்லை. நெடுங்கால் உள்ளான், ஆள்காட்டி, அனுமன் உப்புக்கொத்தி எல்லாம் வெறும் தரையில், வரப்பில், கூடு என்று சொல்லமுடியாத ஒரு பள்ளத்தில் முட்டையிடுபவை. குளிர்நாட்டில் பறவை முட்டைமேல் உட்காருவது சூடேற்ற. இங்கே நடுப்பகலில் உட்காருவது நிழல் கொடுக்க. தாய்ப்பறவை அடிவயிற்றுச் சிறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து முட்டையைக் குளிர்விப்பதையும் பொறுமையாக இருந்தால் பார்க்கலாம். நீங்கள் கிட்டே நின்று படம் எடுத்துக்கொண்டிருக்கிற நேரம் முழுக்க அது எழுந்து போய்க் கத்திக்கொண்டிருக்கும், முட்டை வெயிலில் வெந்துகொண்டிருக்கும். மனிதர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காகமும் தெருநாயும் கவனிக்கின்றன, நாம் போனபின் அதே இடத்துக்கு வருகின்றன.

ஆகவே ஒரு பறவை தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்தினாலோ, சிறகு ஒடிந்ததுபோல இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினாலோ, பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம். தேடாதீர்கள். காலடியைப் பார்த்துக்கொண்டு, வந்த வழியிலேயே திரும்பி நடங்கள். உப்பளத்தில் வரப்பின்மேல் நடப்பதைத் தவிர்த்து, வண்டி போகிற பாதையிலேயே நின்று பாருங்கள். காரை நிறுத்தி உள்ளேயிருந்தே பார்த்தால் இன்னும் நல்லது, பறவைகள் காரைக் கண்டு அவ்வளவாக அஞ்சுவதில்லை. கூட்டின் படத்தை இடத்தின் பெயரோடு பொதுவில் போடவே வேண்டாம்.

பிள்ளைகளோடு கடற்கரையில் நடக்கும்போது இன்னொன்று. ஏப்ரல், மே மாதங்களில் காற்றே இல்லாத தெளிந்த நாளிலும் அலை திடீரென்று ஏறி வரும். தெற்கே வெகுதொலைவில் இந்தியப் பெருங்கடலில் அடிக்கும் புயற்காற்று எழுப்புகிற அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து மோதுவதுதான் அது. கள்ளக்கடல் என்று கரையில் சொல்வார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் பக்கத்துக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் உயிரிழந்தார்கள். ஹைதராபாதில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடுகிறது, காலையில் கிளம்புமுன் செய்தியைப் பார்த்துவிடுங்கள். எச்சரிக்கை உள்ள நாளில் குளங்களுக்குப் போங்கள், கடலை அடுத்த நாளைக்கு வையுங்கள். பாறைமேல் நின்று ஆலா பார்ப்பதை அப்படிப்பட்ட நாட்களில் அறவே விட்டுவிடுங்கள்.

கருவிக்காகப் பெரிதாகச் செலவு செய்யவேண்டியதில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண இருகண் நோக்கி ஒன்று இருந்தால் குளங்களுக்குப் போதும், மகளின் கைக்கு எடை குறைந்ததாக வாங்குங்கள். உப்பளத்துக்கு ஒற்றைக்கண் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லையென்றாலும் வாகனத்தில் இருந்தபடி பார்த்தால் கிட்டே தெரியும்.

பார்த்ததை இ-பேர்டு என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பலரும் குளிர்காலத்தில் மட்டும் வருவதால் கோடைப் பதிவுகளுக்கு மதிப்பு அதிகம். பட்டியலோடு எண்ணிக்கையும், எத்தனை பறவைகள் நிறம் மாறியிருந்தன, எத்தனை மாறவில்லை என்பதும் ஒரு வரி எழுதினால் போதும். எந்தத் தேதியில் கடைசி வளைமூக்கு உள்ளான் மணக்குடியைவிட்டுப் போனது என்பது அப்படிச் சேர்ந்த பதிவுகளிலிருந்துதான் தெரியவரும். மே இரண்டாம் சனிக்கிழமை உலகம் முழுக்கப் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள், அதற்குள் ஊர் திரும்பியிருந்தாலும் உங்கள் ஊர்க் குளத்தங்கரையில் மகள் அதில் சேர்ந்துகொள்ளலாம்.